ஆமென் மட்டும் சொல்கிறவர்

1

போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னுடைய கட்டுரைக்காகப் பதிவு செய்யப்போகும் உரையாடலில் நால்வர் பங்குபற்றுகிறார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேனாம். மூன்று பேருடைய சம்மதத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேனாம். நான்காவது பங்குபற்றுநரின் சம்மதத்தை எப்படிப் பெறப்போகிறேன் என்று விளக்க வேண்டுமாம்.

நான்காவது பங்குபற்றுநர் கடவுள்.

யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள், நானும் உள்ளதை எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மானிப்பாயில் இருக்கும் என் தங்கை கிறேஸ் கடவுளோடு பேசுகிறாள். ரொறன்ரோவில் இருக்கும் நான் கடவுளோடு பேசுகிறேன். கிறேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா ஆமென் சொல்கிறார். கிறேஸும் நானும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

நான் அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் மிகவும் தன்மையானவர். தொடர்பு கொள்ள முடியாத பங்குபற்றுநர் என்றால் காரணத்தைத் தெரிவு செய்யலாம் என்றார். இறந்தவர், வயது குறைந்தவர், சிறையில் இருப்பவர், மற்றையவை. கடவுளோடு தொடர்பு கொள்ள முடியாது என்று கையெழுத்து வைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் செய்துவந்த வேலைக்கு அது பெரிய அவமானம் அல்லவா?

"அவர் பொதுவெளியில் அறியப்பட்டவரா?" என்று கேட்டார்.

"ஓரளவுக்கு" என்றேன்.

"உரையாடலில் அவர் என்ன சொல்கிறார்?"

"ஒன்றும் சொல்வதில்லை. கேட்பது மட்டும்தான்."

"அப்படியானால் அவர் பங்குபற்றுநர் அல்ல, பார்வையாளர். பார்வையாளரின் சம்மதம் தேவையில்லை" என்றார் அந்த நல்ல மனிதர். பிரச்சினை தீர்ந்தது. அடுத்த ஞாயிறு ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

2

இந்த வயதில் உனக்கு ஏன் படிப்பு என்று ஊரில் பலர் கேட்பார்கள். இங்கேயும் கேட்கிறார்கள். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் அரைநாள் வேலை செய்கிறேன். கணவருக்கு இரண்டு வேலை, ஞாயிறு முழுக்க நித்திரை. மகன் டானியல் படிப்பை முடித்துக்கொண்டு வேறு நகரத்துக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் பாதியில் விட்ட படிப்பு என் மனதில் உறுத்திக்கொண்டே கிடந்தது. பேச்சுக்கலைக் கோட்பாடு என்று ஒரு முதுகலைப் பாடத்தைக் கண்டதும், இது எனக்கு லேசு என்று நினைத்துவிட்டேன். மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பத்தில் பிறந்தவளுக்குப் பேச்சைப் பற்றி யார் என்ன சொல்லித்தர முடியும்? வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை இல்லாமல் நாங்கள் ஒரு தேநீர் குடித்தது கிடையாது.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு ஆள் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன். செத்துப் பல வருடமாகிவிட்டது, சீடர்கள் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள். அவருடைய புத்தகம்தான் எங்கள் அரையாண்டு முழுவதும். ஒரு வசனம் இடதுபக்கம் மேலே தொடங்கும். வினைச்சொல் அடுத்த தாளில் எங்கேயோ ஒளித்திருக்கும். இடையில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் ஒரு கிரேக்கச் சொல், அதற்கு ஒரு அடிக்குறிப்பு, அந்த அடிக்குறிப்பில் தான் இதற்கு முன் சொன்னது பிழை என்று ஒரு தகவல். பஸ்ஸில் ஏறும்போது தொடங்கிய வசனத்தை முடிக்க முடியாமல் நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

வகுப்பில் என் வயதில் பாதி வயதுப் பிள்ளைகள். பேராசிரியை ஒரு பந்தியை வாசித்து நிமிர்ந்ததும் எல்லாரும் மெல்லத் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இரகசியமாக, "உனக்கு விளங்கினதா?" என்று கேட்டேன். "இல்லை, நீங்கள் தலையாட்டினீர்கள் என்றுதான் நானும் ஆட்டினேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிழவரை (புத்தகம் எழுதியவருக்கு நானும் அந்தப் பெண்ணும் வைத்த பெயர்) நான் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான். எந்தப் பேச்சிலும் பேசுகிறவர் ஒருவர். பெயர் சொல்லி அழைக்கப்படுகிறவர் இரண்டாமவர். இவர்களைத் தவிர, யாரும் அழைக்காமல் பக்கத்தில் இருந்து கேட்கிறவர் ஒருவர் உண்டு. அவர் மூன்றாமவர். பேச்சு உண்மையில் அவருக்காகவே செய்யப்படுகிறது. மூன்றாமவர் வாய் திறந்தால் பேச்சு செத்துவிடும், ஆகவே அவர் வாய் திறப்பதில்லை.

இதைச் சொல்லக் கிழவருக்கு நானூறு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் அப்பா இதை ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குச் செய்துகாட்டினார்.

3

எங்கள் பக்கத்து வேதக்கார வீடுகளில் குடும்ப ஜெபம் என்று ஒன்று உண்டு. பின்னேரம் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, எல்லாரும் கண்ணை மூட, வீட்டில் ஒருவர் வாய்விட்டு ஜெபிப்பார். பாரம் இறக்குவது கடவுளிடத்தில்தான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் நேருக்கு நேர் சொல்ல முடியாத சகலதும் அந்த நேரத்தில்தான் சொல்லப்படும். "ஆண்டவரே, பக்கத்து வளவிலை மாங்காய் ஆய்ஞ்ச பிள்ளைக்கு நல்ல புத்தியைக் குடுத்தருளும்" என்று அப்பா ஜெபிக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டே நாங்கள் எல்லாரும் கிறேஸின் பக்கம் தலையைத் திருப்புவோம். வந்த விருந்தாளிகள் எழும்புகிற பாடாக இல்லை என்றால், அப்பா அவர்களுடைய வழிப்பயணத்தைக் காத்தருளும்படி ஜெபிப்பார். ஆமென் சொல்லி முடிய அவர்கள் குடையைத் தேடுவார்கள். யாருக்கும் கோபம் வராது. கடவுளிடம் சொன்னதற்குக் குறுக்கே பதில் சொல்ல முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி.

அம்மா நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற ரீச்சர். ஆனால் ஜெபத்தில் அவர் ஆமென் மட்டும்தான் சொல்வார். அப்பா போன பிறகு ஜெபம் கிறேஸின் கைக்கு வந்தது. ஞாயிறுகளில் வீடியோ அழைப்பில் நானும் சேர்ந்துகொள்வேன். அங்கே இரவு ஏழு மணி, இங்கே காலை. கனடாவில் வருடத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவார்கள். அந்தக் கிழமைகளில் கிறேஸ் சொல்வாள், "ஜெபநேரம் கனடா அரசாங்கத்துக்காக மாறாது" என்று. அது எங்களுக்குள் பேச்சு இருந்த காலம்.

4

பேச்சு நின்றது விசா வந்த அன்றுதான்.

அம்மாவை இங்கே கூப்பிட்டு வைத்திருக்கலாம் என்று நீண்டகால விசாவுக்குப் போட்டிருந்தேன். அம்மாவும் அப்போது "பாப்பம்" என்று சொன்னார். மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதே கிறேஸ்தான். அதைவிடப் பகிடி, அம்மா ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஊரில் ஒரு மகள் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு இருக்கமாட்டார் என்று நான் எழுதினேன். கிறேஸிடமிருந்து அம்மாவைக் கூட்டிவர, கிறேஸையே காரணம் காட்ட வேண்டியிருந்தது.

விசா கிடைத்தது என்று சொல்ல எடுத்தபோது கிறேஸ், "அப்ப எல்லாம் முடிச்சிட்டியள்" என்றாள். "முடிச்சது நானில்லை, எம்பசி" என்றேன். அவள் போனை அம்மாவிடம் கொடுத்தாள். அதோடு சரி. அம்மாவிடம் போவீர்களா நிற்பீர்களா என்று கேட்டால், "முழங்கால் குறையட்டும், பாப்பம்" என்பார். வருகிற தை மாதத்துக்குள் அவர் பயணப்பட்டால்தான் அந்த விசா செல்லும்.

எனக்கு அம்மா வேண்டும். டானியல் போய்விட்டால் இந்த வீட்டில் குளிர்ப்பெட்டியின் சத்தம்தான் மிஞ்சும். கிறேஸுக்கும் அம்மா வேண்டும். அவள் கலியாணம் செய்யவில்லை. படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையைத் திறக்கும்போது உள்ளே ஒருவரும் இல்லை என்றால் அது அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சண்டை பிடித்தேன்.

சண்டை இப்படி நடந்தது. பாட்டு முடிந்ததும் கிறேஸ் தொடங்குவாள்.

"பரம பிதாவே, அம்மாவின்ரை முழங்கால் நோவைத் தொட்டுச் சுகமாக்கியருளும். இந்த முழங்காலோடை ஒரு நாள் முழுக்கப் பிளேனிலை குந்தியிருக்கேலாது எண்டு தூரத்திலை இருக்கிற பிள்ளையளுக்கு விளங்கப்பண்ணும்."

அம்மா, "ஆமென்."

நான் தொண்டையைச் செருமிக்கொள்வேன். "பரம பிதாவே, நல்ல முழங்கால் டொக்டர்மார் இருக்கிற நாட்டிலை என்னைக் கொண்டுவந்து வைச்சதுக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

அம்மா, "ஆமென்."

கிறேஸ் விடமாட்டாள். "ஆண்டவரே, பகல் முழுக்கக் கதைக்கப் பறையச் சனமில்லாமல் ஜன்னலாலை பனியைப் பாத்துக்கொண்டு இருக்கிற வயதுபோனவையை நினைச்சருளும்."

நானும் விடமாட்டேன். "ஆண்டவரே, பள்ளிக்கூடம், பாடகர் குழு, பெண்கள் சங்கம் எண்டு ஒருநாளும் வீட்டிலை நில்லாத பிள்ளையளையும் நினைச்சருளும்."

அம்மா இரண்டுக்கும் ஆமென் சொன்னார். எந்த ஆமென் பெரியது என்று கண்டுபிடிக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். இரண்டும் ஒரே அளவு.

ஒரு ஞாயிறு நான் கிழமை முழுக்க யோசித்து, அழகாக அடுக்கி, தனிமையைப் பற்றி ஒரு ஜெபம் செய்தேன். எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. முடித்துக் கண்ணைத் திறந்தால், மேசையின் அந்தப் பக்கத்தில் கிண்ணத்தில் சீரியலோடு இருந்த டானியல் கையைக் காட்டினான். "அம்மா, நீங்கள் மியூட்டில இருக்கிறீங்கள்."

இப்படி ஒரு சிக்கலைக் கிழவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். கடவுள் முழுவதையும் கேட்டிருப்பார், அதில் குறையில்லை. கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கவில்லை. நான் மியூட்டை எடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நான் இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுறன்."

"அம்மா, கடவுளுக்கு மியூட் இல்லைத்தானே? பிறகேன் திரும்பச் சொல்றீங்கள்?" என்று டானியல் கேட்டான். அவனுக்குத் தமிழ் குறைவு. ஆனால் எங்கே குத்த வேண்டும் என்பதில் அப்பாவின் பேரன்தான்.

5

இந்த ஜெபங்களை வைத்துத்தான் கட்டுரை எழுதுவது என்று முடிவு செய்தேன். பேராசிரியைக்கு விருப்பம் தாங்கவில்லை. கடவுளின் விடயத்தை அலுவலகம் தீர்த்துவைத்தது. கிறேஸின் சம்மதம் மிச்சம் இருந்தது. வாய்மொழியாகச் சொன்னால் போதும், பதிவில் இருக்க வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தை இல்லாத தங்கையிடம் எப்படிக் கேட்பது? எங்களுக்கு இருந்தது ஒரே வழிதான்.

"ஆண்டவரே, என்ரை படிப்புக்காக எங்கடை குடும்ப ஜெபத்தைப் பற்றி எழுத விரும்புறன். பேர் போடமாட்டன். விருப்பமில்லாட்டி எந்த நேரமும் விலகலாம். அதுக்காக ஒரு பாதிப்பும் வராது. இதை உம்முடைய பிள்ளையின்ரை மனசிலை உணர்த்தியருளும்." விலகுகிற உரிமையைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது விதி.

பிறகு கிறேஸின் குரல் வந்தது.

"ஆண்டவரே, இந்தக் கொஞ்ச நாளாய் ஆரோ புத்தகம் பாத்து ஜெபிக்கினம் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது. இடையிலை இடையிலை நிப்பாட்டி மூச்சு விடேக்கையே யோசிச்சனான். சரி, எழுதட்டும். ஆனால் நான் சொன்னதை வெட்டி ஒட்டப்படாது. மற்றது, ஆரின்ரை பக்கம் நியாயம் எண்டு கடைசியிலை எழுதோணும்."

"ஆமென்" என்றார் அம்மா.

இந்தப் பதிவை அலுவலகத்துக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன். நிபந்தனையோடு கூடிய சம்மதம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வின் முடிவில் யாருடைய பக்கம் நியாயம் என்று எழுதுவது நடுநிலையைப் பாதிக்காதா என்று மட்டும் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள்.

6

வகுப்பில் கட்டுரையை வாசித்தேன். பேசுகிறவர் நான், அழைக்கப்படுகிறவர் கடவுள், மூன்றாமவர் என் தங்கை. அவள் பேசும்போது மூன்றாமவர் நான். முழங்கால் ஜெபத்தை வாசித்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது உண்மையாகவே தலையாட்டினார்கள். எனக்குச் சந்தோஷப் புழுகம் பிடிபடவில்லை.

பேராசிரியை சிரிக்கவில்லை. "நீயும் தங்கையும் ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறீர்களே. பதில் சொல்கிறவர் எப்படி மூன்றாமவர் ஆவார்?" என்று கேட்டார். பிறகு கேட்டார், "ஆமென் சொல்கிறவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்?"

"அவருக்கு வயதாகிவிட்டது. இடையில் நித்திரையாகிவிடுவார்" என்றேன். மறுபடி சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் நான் சொன்னது பொய் என்று எனக்கு உறைத்தது. அம்மா ஜெபத்தில் ஒருநாளும் நித்திரையானதில்லை. பாடம் நடக்கும்போது பின்வாங்கில் யார் பேசினார்கள் என்று கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்கிறவர் அவர். ஒரு வருடமாக நாங்கள் அவருக்கு முன்னால் வழக்காடிக்கொண்டிருந்திருக்கிறோம். முழங்காலும் பனியும் பாடகர் குழுவும் எல்லாம் அவருடைய காதுக்குத்தான். நாங்கள் இரண்டு பேரும் தீர்ப்பைக் கேட்டு நின்றோம், அவர் சம அளவில் ஆமென் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கிழவரைப் புரட்டினேன். மறுபடி தரிப்பிடத்தைத் தாண்டிப் போனேன்.

தை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் வாயால் ஒரு சொல் கேட்டால் போதும் என்ற நிலைக்கு நான் வந்துவிட்டேன்.

7

சென்ற ஞாயிறு. கிறேஸ் போனைச் சீனி டின்னில் சாத்தி வைத்திருந்தாள். அம்மா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். பாட்டுப் பாடினோம். கண்ணை மூடினோம். கிறேஸ் ஜெபித்தாள், கனடாவில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த யாரோ ஒரு அம்மாவைப் பற்றி. அம்மா ஆமென் சொன்னார். என்னுடைய முறை வந்தது. மறுமொழி கைவசம் இருந்தது, நல்ல மறுமொழி. அதைச் சொல்லவில்லை.

"ஆண்டவரே, எனக்கு இண்டைக்கு ஒண்டும் சொல்ல வரேல்லை. இண்டைக்கு அம்மா ஜெபிக்கட்டும்."

அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அப்போது அம்மா தொண்டையைச் சரிசெய்தார்.

"பிதாவே, நான் கனகாலமாய் உம்மோடை சத்தமாய்க் கதைக்கேல்லை. இவையளின்ரை அப்பா இருக்கேக்கை அவர் கதைச்சார். பிறகு இவையள் கதைக்கினம். எனக்கு இடம் வரேல்லை.

"எல்லாரும் என்னைக் கேக்கினம், போறியளோ நிக்கிறியளோ எண்டு. போறன் எண்டு சொன்னால் சின்னவள் பிறகு பெரியவளின்ரை முகத்திலை முழிக்கமாட்டாள். நிக்கிறன் எண்டு சொன்னால் பெரியவள் ஞாயிற்றுக்கிழமையிலை எடுக்கமாட்டாள். ஒண்டும் சொல்லாமல் இருந்தால் ரெண்டு பேரும் ஒவ்வொரு ஞாயிறும் வருகினம். சண்டை பிடிக்கத்தான் வருகினம். எண்டாலும் வருகினம், ஆண்டவரே. ஒருத்தி சொல்லுறதை மற்றவள் ஒரு சொல்லும் விடாமல் கேக்கிறாள். சின்னனிலை இவையள் அப்பிடிக் கேட்டதை நான் கண்டதில்லை. அதாலைதான் நான் வாய் திறக்கேல்லை."

அம்மா நிறுத்தினார். இப்போது ஆமென் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஆமென் சொல்லாமல் நான் கண்ணைத் திறந்தேன்.

திரையில் கிறேஸும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். மூக்கு நுனி சிவந்து, கன்னம் நனைந்திருந்தது. எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்று அப்போதுதான் கண்டேன். அவளுடைய வாய் அசைந்தது. ஆண்டவரே என்றுதான் தொடங்குவாள் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றாள் மெல்ல. "கண்ணை மூடுங்கோ. அம்மா இன்னும் முடிக்கேல்லை."

மூடினேன்.